டிப்ரெஸ்டா, அப்செட்டா, ஆங்ஷியஸா? நீங்கள் திணறிய இடங்களைச் சொல்லுங்கள்

மனநிலையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில்தான் கேட்கிறேன். நானே ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த மருத்துவருக்கும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவது என் வேலை. முட்டி வலி, வயிற்றுப் போக்கு என்றால் பிரச்சினையே இல்லை. பேச்சு மனசுக்கு வந்தால்தான் நாக்கு தடுமாறும்.

ஓர் அம்மா "படபடன்னு இருக்குப்பா" என்றார். பேல்பிடேஷன், அதாவது நெஞ்சுப் படபடப்பு, என்று நான் சொன்னால் மருத்துவர் இதயத்தைச் சோதிக்கப் போவார். ஆங்ஷியஸ் என்றால் என்ன கவலை என்று கேட்பார். இரண்டையும் சொல்லாமல், "இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு, அவரிடமே கேட்கட்டுமா?" என்று மருத்துவரிடம் அனுமதி வாங்கினேன். "பயமெல்லாம் இல்ல, படுத்தா நெஞ்சு அடிச்சுக்குது" என்றார் அம்மா. சரி, பேல்பிடேஷன்.

டிப்ரெஸ்ட் இன்னும் பெரிய வம்பு. வெளியில் மேட்ச் தோற்றாலும் டிப்ரெஸ்ட்தான். மருத்துவரின் அறைக்குள் அது ஒரு நோயின் பெயரை ஒட்டி நிற்கும் சொல். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க அங்கே பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த 2 வாரங்களில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். தூக்கம், பசி, களைப்பு, எதிலும் நாட்டமில்லாமை எல்லாம் அதில் வரும். ஆக, துக்கம் எவ்வளவு ஆழம் என்பதோடு எத்தனை நாளாக என்பதும் கணக்கில் சேர்கிறது. "மனசு சரியில்ல" என்று ஒருவர் சொன்னால் நான் டிப்ரெஸ்ட் என்று போடுவதில்லை. ஃபீலிங் லோ என்பேன். மிச்சத்தை மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

*

நான் ஆங்கில ஆசிரியை. என் வகுப்பில் எம்பாரஸ்ட், அஷேம்ட், கில்ட்டி மூன்றும் ஒரே 'வெட்கம்' ஆகிவிடும். அகராதி விளக்கம் எடுபடவில்லை. அதனால் ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: யாருமே பார்க்காமல் இருந்திருந்தால் அந்த உணர்வு இருக்குமா?

மேடையில் தடுக்கி விழுந்தோம்; யாரும் பார்க்கவில்லை என்றால் தூசி தட்டிவிட்டுப் போய்விடுவோம். அது எம்பாரஸ்ட். நண்பனிடம் பொய் சொன்னோம். யாருக்கும் தெரியாவிட்டாலும் உறுத்தும். அது கில்ட்டி, செய்த செயலைப் பற்றியது. "நான் இப்படிப்பட்டவனா" என்று தன்னையே குறுக வைத்தால் அஷேம்ட்.

ஒரு மாணவன் எழுந்து, "மிஸ், பொய் சொல்லி மாட்டிக்கிட்டா?" என்றான். மூன்றும் சேர்ந்து வரும், உட்காருப்பா என்றேன். உண்மையும் அதுதானே!

*

நம்மிடம் வந்து குணம் மாறிய சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஃபீல் பண்ணாதே" என்றால் நமக்கு வருத்தப்படாதே. ஆங்கிலத்தில் டோன்ட் ஃபீல் என்றால் என்ன ஃபீல் செய்யக் கூடாது என்று எதிராளி காத்துக்கொண்டிருப்பார். அப்புறம், 'ஐ ஆம் டென்ஸ்ட்'. டென்ஸ் என்பதோடு நிறுத்தினால் போதும். அப்செட் நமக்குப் பெரும்பாலும் சோகம். ஆங்கிலத்தில் கோபமும் அதில் உண்டு. 'அப்செட் வித் யூ' என்று மேலாளர் எழுதியிருந்ததைப் படித்து, "பாவம், அழுதிருப்பார் போல" என்றார் என் சக ஊழியர். அவர் அழவில்லை, அடுத்த கூட்டத்தில் தெரிந்தது.

*

ஜெலஸ், என்வியஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? அடுத்தவரிடம் இருப்பது நமக்கு வேண்டும் என்றால் என்வி. நம்முடையதை வேறொருவர் பறித்துவிடுவாரோ என்பது ஜெலஸி. முதலாவதற்கு இரண்டு பேர் போதும், இரண்டாவதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். ஆனால் நடைமுறையில் ஆங்கிலேயரே இரண்டுக்கும் ஜெலஸ் என்கிறார்கள். சுற்றுலாப் படத்தின் கீழே 'சோ ஜெலஸ்!' என்று எழுதுபவரைத் திருத்தப் போகாதீர்கள்.

*

ஆங்ஷியஸுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. என் தங்கை வேலைக்கு எழுதிய கடிதத்தில் 'ஆங்ஷியஸ் டு மீட் யூ' என்று இருந்தது. தவறில்லை, டு வந்தால் ஆவல் என்ற பொருளும் உண்டு. பின்னால் அபௌட் வந்தால் கவலைதான். ஆனாலும் படிப்பவர் காதில் பதற்றமும் லேசாக ஒலிக்கும் என்பதால் ஈகர் என்று மாற்றச் சொன்னேன். "நெர்வஸ்னு போட்டா பணிவா இருக்காதா அண்ணா?" என்றாள். அது நேர்காணலுக்குக் காத்திருக்கும்போது வயிற்றைப் பிசைவது, அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றேன். கடைசியில் 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று போட்டு அனுப்பிவிட்டாள்.