பங்குனி, சித்திரையில் மழலையர் மையத்தில் என்ன கற்பிக்கலாம்?

கேள்வி: மேலூர்ப் பக்கத்து ஆசிரியை

வணக்கம். மேலூருக்கு அருகே ஒரு கிராமத்து மழலையர் மையத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை 19 குழந்தைகள், ஓர் உதவியாளர், ஓடு வேய்ந்த ஒரே அறை, முற்றத்தில் ஒரு வேப்பமரம், வேலியோரம் ஒரு புளியமரம். எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்.

பங்குனி, சித்திரை மாதங்களுக்கு ‘வசந்த காலம்’ என்ற தலைப்பில் செயல்பாடுகள் நடத்துமாறு எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கூடவே வந்த வண்ணம் தீட்டும் தாள்களில் துலிப் மலர்களும் உருகும் பனிமனிதனும் இருக்கின்றன. சென்ற ஆண்டு அவற்றை அப்படியே கொடுத்தேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி துலிப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, பூவுக்கு ஊதாவும் தண்டுக்குப் பச்சையும் தீட்டி, “கத்திரிக்காய் முடிச்சிட்டேன் டீச்சர்” என்று கொண்டுவந்து கொடுத்தாள். அவள் செய்ததில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. தாள்தான் தவறாக வந்திருக்கிறது என்று தோன்றியது.

இந்த ஆண்டு நம் ஊரின் இளவேனிலையே பாடமாக்க விரும்புகிறேன். ஆனால் பத்து மணிக்கு மேல் முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதால், எழுதப் பழக்குங்கள் என்று பெற்றோர் நச்சரிக்கிறார்கள். இரண்டையும் சமாளிக்க வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: திருமங்கலத்திலிருந்து, ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

அம்மா, வேப்பமரமும் புளியமரமும் இருக்கும்போது ‘இவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டீர்களே! எனக்கு ஒரு மையத்தில் சிமெண்டுத் தரையும் தகரக் கொட்டகையும் மட்டுமே வாய்த்தன.

நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மாசியும் பங்குனியும் பின்பனி. பெயருக்கு இளவேனில் என்றாலும், மதுரையில் அக்கினி நட்சத்திரம் அதற்குள்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே பூக்கள் மலரும், தென்றல் வீசும் என்று பொதுவாகப் பாடம் நடத்துவதைவிட, ஒரே மரத்தை இரண்டு மாதம் நாள்தோறும் பார்க்க வைப்பதே சிறந்தது என்பது என் அனுபவம்.

பங்குனியில் வேம்பு இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்விடும். உதிர்ந்த பழுப்பு இலை, செந்துளிர், முற்றிய பச்சை இலை ஆகிய மூன்றையும் ஒரு முறத்தில் கலந்து கொடுத்தால், குழந்தைகள் தாமாகவே வகை பிரிப்பார்கள். பிறகு பூக்கும். மாலையில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து பார்த்தால் வெள்ளை வேட்டியில் வெள்ளைப் பூ, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். குழந்தைகள் முழங்காலிட்டுக் குனிந்து, காம்பையும் எறும்பையும் ஒதுக்கி, விரல் நுனியால் பூவைப் பொறுக்குவார்கள். எங்கள் மையத்தில் ஒரு பையன் எறும்பு ஒவ்வொன்றையும் மெதுவாக ஊதி வேட்டிக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான். அன்று அவன் பொறுக்கிய பூ எட்டோ பத்தோதான். அவனை நான் அவசரப்படுத்தவில்லை.

பொறுக்கிய பூவை ஒரு கிண்ணம் நிறைய அளந்து, தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் காய வையுங்கள். மூன்று நாள் கழித்து அதே கிண்ணத்தில் திரும்பக் கொட்டினால் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். “யாரு எடுத்தா?” என்ற கேள்வி உறுதியாக வரும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் ஈரத் துணி ஒன்றைக் காயப்போட்டு அதையும் பார்க்க வையுங்கள். சித்திரை முதல் நாளை ஒட்டி அந்தப் பூவிலேயே மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி செய்து, ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தால் கசப்பும் புளிப்பும் இனிப்பும் ஒரே வாயில் தெரிந்துவிடும். முகம் சுளிப்பவர்களை வற்புறுத்த வேண்டாம்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு நீங்கள் தனியாகத் திட்டமிடத் தேவையில்லை. திருவிழா பார்த்துவிட்டு வரும் குழந்தைகள் மறுநாளே அதை விளையாடத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நீலச் சேலையும் ஒரு விளக்குமாற்றுக் குதிரையும் எடுத்து வைத்தால் போதும். அழகர் இந்த ஆண்டு எந்த நிறப் பட்டு உடுத்தி வந்தார் என்று கேளுங்கள். நிறத்தின் பெயரைத் தாளில் கற்பித்தால் மறக்கும், அழகரின் பட்டு மறக்காது.

மறுமொழி 2: மதுரை நகரம், ஒரு குழந்தையின் தாய்

படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் பெற்றோர் தரப்பில் ஒன்று சொல்ல வேண்டும். என் மகளைச் சேர்க்கப் போன பள்ளியில் முதல் நாளே பென்சிலைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னார்கள். அவள் மிரண்டு அழுதாள். வேப்பம்பூ பொறுக்கத் தெரியும் என்று நான் அங்கே சொல்ல முடியுமா? எங்கள் கவலையை நச்சரிப்பு என்று ஒதுக்காதீர்கள்.

மறுமொழி 3: குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர்

மேலே எழுதிய தாயின் கவலை நியாயமானது; பிழை, மூன்று வயதுக் குழந்தையை எழுதச் சொல்லிச் சோதிக்கும் வழக்கத்தில் இருக்கிறது. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி, எல்லாம் எலும்பாகப் பத்து வயதை ஒட்டிவிடும். விரல்களின் சிறு தசைகளுக்கும் பழக்கம் வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கும் அந்தப் பிடிதான், ஏறக்குறைய வேப்பம்பூவைப் பொறுக்கும்போதும் பழுத்த புளியின் ஓட்டை உடைத்து நாரை உரிக்கும்போதும் பழகுகிறது. வற்றிய கண்மாயின் கரம்பை மண்ணைப் பிசைந்து உருண்டை பிடிப்பதும் அப்படியே. பெற்றோரை ஒரு காலை நேரம் அழைத்துவந்து இதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டின் வழியே கற்பிக்க வேண்டும் என்று 2022இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் சொல்கிறது. தேவைப்பட்டால் அதையும் எடுத்துக் காட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்; மூன்று வயது நிரம்பாதவர்களிடம் கொடுக்கவே வேண்டாம். எங்காவது சிக்கிக்கொண்டால் ஊக்கால் நோண்டாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். வேலியோரம் அரளி, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி இருந்தால் பூவும் விதையும் பொறுக்கப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4: வாடிப்பட்டி, அறிவியல் ஆசிரியர்

வெயிலையே பாடமாக்க ஒரு யோசனை. சூரியன் மதுரைப் பகுதியில் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 16ஐ ஒட்டித்தான், அதாவது சித்திரை பிறந்த ஓரிரு நாளில். அன்று பகல் 12.15ஐ ஒட்டி நேராக நிற்கும் பொருளுக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. குழந்தைகளைத் திண்ணை நிழலிலேயே உட்காரவைத்துவிட்டு, முற்றத்தில் ஒரு தண்ணீர்ச் செம்பை வைத்து, ஒன்பதரை மணிக்கும் பதினொன்றுக்கும் உச்சிக்கும் நிழலைச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுங்கள். வெளியே நிற்க வேண்டியவர் நீங்கள் மட்டுமே. தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: மேலூர்ப் பக்கத்து ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நகரத்துத் தாயிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. நேற்று மாலை வேட்டி விரித்தோம். இரவில் காற்று பலமாக அடித்து வேட்டி புளியமரத்தில் போய்த் தொங்கியது. அதை எப்படி இறக்குவது என்பதிலேயே இன்று காலை முழுவதும் போய்விட்டது. குச்சி நீளம் போதவில்லை, இரண்டு குச்சிகளைக் கட்டலாம் என்று சொன்னவள் அந்தக் கத்திரிக்காய்ச் சிறுமிதான். கயிற்றால் சுற்றியதும் அவளே. முடிச்சு மட்டும் நான் போட்டேன். இன்று மாலை பெரிய கற்களாக வைத்துவிட்டு வருகிறோம்.

ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. காய்ந்த பூவை ஜூன் வரை டப்பாவில் வைத்தால் பூச்சி பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

மறுமொழி 5: திருமங்கலத்திலிருந்து, ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

கையில் எடுத்தால் சலசலக்கும்வரை காய வையுங்கள். ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் போட்டு இறுக மூடி, மாதம் ஒருமுறை எடுத்து வெயிலில் காட்டுங்கள். சீசாவில் மாதத்தின் பெயரை ஒட்டி, குழந்தைகளின் கண்ணில் படும் உயரத்தில், ஆனால் கைக்கு எட்டாமல் வையுங்கள்.