ஐந்து நாள் நிறுத்தினால் பேட்டரி காலி: 2005 மாருதி 800

பொருநைக்கரை:
வணக்கம். அப்பாவின் 2005 மாடல் மாருதி 800 திருநெல்வேலி வீட்டில் நிற்கிறது, நான் ஊருக்குப் போகிற வாரக் கடைசியில் மட்டும்தான் ஓடும். ஞாயிறு இரவு நிறுத்தினால் வெள்ளி இரவு சாவியைத் திருப்பும்போது செல்ஃப் எடுக்காமல் டக் டக் சத்தம் மட்டும் வருகிறது, டாஷ்போர்டு விளக்கும் மங்கிவிடுகிறது. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் கிளப்புகிறேன். பேட்டரி போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, 35 ஆம்பியர் ஹவர். கடையில் சோதித்துவிட்டு "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, டைனமோவை மாத்துங்க" என்கிறார்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது டைனமோதான், ஆனால் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை, சார்ஜ் விளக்கும் எரிவதில்லை. அப்பாவை அவசரத்துக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போக இந்த ஒரு வண்டிதான் இருக்கிறது. டைனமோவுக்குச் செலவு செய்யும் முன் வேறு எதைப் பார்க்கலாம்?

வயர்மேன்:
தம்பி, டைனமோவை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது, அப்படியென்றால் நிறுத்தின பிறகு எங்கேயோ கரண்ட் கசிகிறது. அதைப் பிடிக்க, சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, செல்ஃப் இழுக்கிற கரண்டுக்கு மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். இந்த வயசு வண்டிக்கு 0.02, 0.03 ஆம்பியர் சகஜம். 0.05ஐத் தாண்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு.

பல்சக்கரம்:
வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. எல்லா ஃபியூஸையும் எடுத்தும் எண் இறங்கவில்லை என்றால்தான் டைனமோ மேல் சந்தேகப்பட வேண்டும். அதற்குள்ளே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு ஒன்று பழுதானால் ஓடும்போது ஓரளவு சார்ஜ் கொடுத்துக்கொண்டே, நிறுத்தினதும் பேட்டரியைக் குடித்துவிடும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டைனமோவுக்குப் போகும் தடித்த வயரைப் பிரித்து முனையில் டேப் சுற்றி, மறுபடி மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். அப்புறம், வண்டியில் பிற்பாடு மாட்டினது என்னென்ன? ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், கூடுதல் ஹாரன்? நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல் அதில்தான் வந்து நின்றிருக்கிறது.

பொருநைக்கரை:
அண்ணாச்சி, நேற்று காலை உட்கார்ந்து பார்த்தேன். ஓடும்போது 14.1 வோல்ட். நிறுத்தினபின் மீட்டரில் 0.42 ஆம்பியர்! வரிசையாகப் பிடுங்கினேன், ஸ்டீரியோ ஃபியூஸை எடுத்ததும் 0.02. மூன்று வருஷம் முன்பு வெளியில் மாட்டின ஸ்டீரியோ, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வேறு. இரவு முழுக்க வண்டி நின்றிருந்தும் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்டீரியோவை இழுத்துப் பார்த்தால் பின்னால் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

வயர்மேன்:
அதுதான் தம்பி. மஞ்சள் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டியது, நேரமும் ஸ்டேஷனும் மறக்காமல் இருக்க. சிவப்பு சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது. இரண்டையும் சேர்த்ததால் சாவி எடுத்தாலும் செட் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அது நீல வயர் வழியாக ஆம்ப்ளிஃபயரையும் எழுப்பி வைத்திருக்கிறது. 0.42 என்றால் நாளுக்குப் பத்து ஆம்பியர் ஹவர், உங்கள் 35 நாலு நாள் தாங்காது. சிவப்பைப் பிரித்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஏ.சி.சி. லைனில் கொடுங்கள், முறுக்கி விடாமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள்.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி. இத்தனை தடவை இறங்கினதில் பேட்டரி கெட்டிருக்குமா?

வயர்மேன்:
கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். சார்ஜரில் 3 ஆம்பியர் வைத்து முழுசாக ஏற்றிவிட்டு, வயர் கழற்றி ஒரு நாள் சும்மா வையுங்கள். 12.6 வோல்ட் நின்றால் கவலை இல்லை. 12.2க்குக் கீழே போனாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தாலோ, நம்பி அப்பாவை ஏற்றுகிற வண்டி, பேட்டரியை மாற்றிவிடுங்கள். எட்டு மாதம்தானே, வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.