நெல் விலை எப்போதும் கிழக்கு விவசாயிகளான நமக்குப் பிந்தி வருவது பாரபட்சமா, கையாலாகாத்தனமா?

வட்டைக்காரன் (படுவான்கரை, மட்டக்களப்பு):

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழைய ஆள். கோயிலில் நிர்வாகி வண்ணக்கர் சொன்னால் கேட்க வேண்டும், வயலில் வட்டை விதானை (வட்டை என்கிற வயல் தொகுதிக்குப் பொறுப்பானவர்) சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்ந்தவன். கடன் வாங்கி நிவாரணம் கொடுக்கிற அரசாங்கமும் எனக்குப் பிடிக்காது, ரோட்டை மறித்துக் கத்துகிற அரசியலும் பிடிக்காது. இதைச் சொன்னால் உடனே பிற்போக்குவாதி என்று ஒரு பட்டத்தைக் கட்டிவிடுகிறார்கள். கட்டட்டும். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

2024 நவம்பர் வெள்ளத்தில் எனக்கு மூன்று ஏக்கரில் ஒன்று அப்படியே போய்விட்டது. மிச்சத்தைத் தை நடுவில் வெட்டினோம். மெசின் கொட்டிய நெல் ஈரம், தார் ரோட்டில் படங்கு விரித்து இரண்டு நாள் காயப்போட்டு, இடையில் மழை தூற அள்ளி மூடி, திரும்ப விரித்து, பட்ட பாடு கொஞ்சமல்ல. வியாபாரி வந்தான். குவியலுக்குள் முழங்கை மட்டும் கையை விட்டு அடியிலிருந்து நாலு மணி எடுத்துப் பல்லில் கடித்தான், கடித்த சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லையாம், ஈரம் போகவில்லை என்றான். கிலோ 100 ரூபாவுக்குக் கீழே கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது, மெசின்காரன் காசுக்கு நிற்கிறான், உரத்துக்கு வைத்த நகை அடைவில் கிடக்கிறது.

2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் நெல் வாங்குகிற விலையைச் சொன்னது. கிலோவுக்கு நாடு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரி சம்பா 132, ஈரம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு என் வயலில் தாள்தான் இருந்தது, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் பெரும்போக நெல்லை முதலில் வெட்டுவது நாங்கள், விலை வருவது எங்களுக்குப் பிறகு. கொழும்பு டிவிக்கு விவசாயி என்றால் பொலன்னறுவைக்காரன், யாழ்ப்பாணப் பேப்பருக்கு நாங்கள் உள்பக்கத்தில் நாலு வரி. 2024 நவம்பர் தேர்தலில் மற்ற 21 மாவட்டமும் ஆளும் தேசிய மக்கள் சக்தி பக்கம் போனபோது மட்டக்களப்பு மட்டும்தான் போகவில்லை, அதற்கான தண்டனையா இது? நான் வேண்டுமென்று சந்தேகப்படுகிறேனா, சொல்லுங்கள்.

---

கல்லோயாக் காற்று (அம்பாறை மாவட்டம்):

அண்ணன், கோபம் சரி, கணக்குப் பிழை. எங்கள் பக்கம் திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் 7 ஆசனத்தில் 4 அவர்களுக்குத்தான் போனது. எங்களுக்கு விலை ஒரு நாள் முன்னுக்கு வந்ததா? அதே பெப்ரவரி 5. நான் உழவு மெசின் விடுகிற ஆள், உகணைப் பக்கம் போய்வருகிறவன், அங்கே சிங்கள விவசாயியும் உங்களை மாதிரித்தான் ரோட்டில் காயப்போட்டு உங்களை மாதிரித்தான் ஏமாந்தான். அவன் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? உங்கள் ஆட்களுக்குப் பயந்துதான் எங்களைக் கவனிக்கவில்லையாம்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இதில் விசயம் காலண்டர். நாங்கள் புரட்டாதி கடைசியில் விதைத்துத் தையில் வெட்டுகிறோம். அனுராதபுரம், பொலன்னறுவை என்கிற ரஜரட்டைப் பக்கம் பெரும்பாலும் மாசி, பங்குனி. கொழும்பில் இருப்பவனுக்கு அறுவடை என்றால் அந்த அறுவடைதான். அப்புறம் 2025 வரவுசெலவுத் திட்டமே அந்த வருடம் பெப்ரவரி 17இல்தான் பாராளுமன்றத்துக்கு வந்தது. யாரையும் தண்டிக்கிற அளவுக்கு அவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2021ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் அப்போதைய கோட்டாபய அரசாங்கம் வர்த்தமானி போட்டு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் பின்வாங்கியது. அதற்குள் போகம் போய்விட்டது. அது தமிழனுக்கு எதிராகச் செய்த வேலையா? அந்த அரசாங்கத்துக்கே வாக்குப் போட்ட அம்பாந்தோட்டை விவசாயிக்கும் சேர்த்துத்தான் மண் விழுந்தது.

---

வட்டைக்காரன்:

தம்பி, 2021ஐ நீர் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. பாரம்பரிய விவசாயத்துக்குத் திரும்புகிறோம் என்றுதானே சொன்னார்கள், எனக்கு அதில்தான் அதிகம் எரிந்தது. பாரம்பரியம் தெரிந்தவன் எவனாவது வைகாசியில் சட்டம் போட்டு ஐப்பசியில் சாணி உரத்தோடு விதை என்பானா? என் அப்பர் எருவுக்காக மூன்று வருடம் ஒரே வளவில் பட்டி அடைப்பார். பழமையின் பேரில் செய்த கூத்துக்கும் பழமைவாதிக்குத்தான் பேச்சு.

---

சித்தாண்டிச் சந்தி:

காலண்டர் பிழை, பட்ஜெட் பிந்தியது, எல்லாம் நல்ல விளக்கம். அப்போ மயிலத்தமடு மேய்ச்சல் தரையில் நடந்தது என்ன பிழை? பால் பண்ணையாளர்கள் அந்தத் தரைக்காக 2023 செப்டம்பரிலிருந்து எங்கள் ஊரில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அங்கே யாருக்கும் திகதி மாறிப் போகவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் காணியைப் பிடித்துப் பயிர் வைத்தார்கள், மாடுகள் வெடியிலும் சுருக்கிலும் செத்தன, அதிகாரிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். ஒரு தடவை நடந்தால் கையாலாகாத்தனம், சரி. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் தராசைத்தான் பார்க்க வேண்டும். கல்லோயாத் தம்பி, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்.

---

ஓய்ந்த லிகிதர்:

31 வருடம் அரச சேவையில் இருந்தேன், எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் முறையிட ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லையே. கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பர் 30இல் கலைந்தது, இன்றுவரை தேர்தல் இல்லை. விவசாயம், கால்நடை என்று எத்தனையோ விசயம் மாகாணத்துக்கு என்று சட்டத்தில் இருக்கிறது, கதிரையில் கொழும்பு அனுப்பிய ஆளுநர். தை முதல் வாரத்தில் எழும்பி, எங்கள் நெல் முற்றிவிட்டது, விலையைச் சொல் என்று மேசையில் அடிக்க ஒரு மாகாண விவசாய அமைச்சர் இல்லை.

இதற்குக் கொழும்பை மட்டும் திட்டாதீர்கள். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிய திருத்தத்துக்கு நம்முடைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவாகத்தான் வாக்களித்தது. 2018 ஆகஸ்டில் அந்தப் புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார். பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் அந்தரத்தில் தொங்குகிறது. பிரதேச சபைகளும் அப்படித்தான் கிடந்தன, 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் காசு இல்லையென்று தள்ளிப்போய் 2025 மே 6இல்தான் நடந்தது.

சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். பாரபட்சமா இல்லையா என்று இங்கே அடிபடுவதைவிடத் திகதிகளைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். ஒரு தாளில் எழுதினால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. கொள்வனவுக்குத் தீர்மானம் எப்போது எடுத்தார்கள், எந்த மாவட்டத்துக்குக் காசு எந்தத் திகதியில் போனது, எந்தக் களஞ்சியம் எந்தத் திகதியில் திறந்தது. இந்த மூன்றும் போதும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பொலன்னறுவைக்கும் நமக்கும் திகதி ஒன்றாக இருந்தால் கல்லோயாத் தம்பி சொன்னது சரி. வேறாக இருந்தால் சந்திக்காரர் சொன்னது சரி. தமிழிலேயே எழுதுங்கள், பதில் சிங்களத்தில் வந்தால் திருப்பி அனுப்புங்கள், வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் அப்படித் திருப்பி அனுப்பிய ஆட்கள் மிகக் குறைவு, அனுப்பியவர்களின் கோப்புத்தான் முதலில் நகர்ந்தது.

---

எழுவான்கரை டீச்சர்:

வட்டைக்கார அண்ணன் கோபிக்க வேண்டாம். பழைய ஆள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் கேட்கிறேன். நம்முடைய பழமையில் குடி, அதாவது குலம், தாய்வழி, வீடும் காணியும் பொம்பிளைப் பிள்ளைக்கு. ஆனால் விதைப்புத் திகதி வைக்கிற போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், முன்வரிசை முழுக்க ஆம்பிளைகள். காணி உறுதியில் மனைவி பேர் அல்லது மகள் பேர், கை உயர்த்துவது நீங்கள். எங்கள் அம்மா ஒருமுறை போய் விதைப்புத் திகதியைப் பற்றிப் பேச எழும்ப, வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டார்கள். அதைக் கேட்டவரும் பழைய ஆள்தான்! கொழும்பு உங்களைக் கேட்காமல் திகதி வைக்கிறது என்கிறீர்கள், நியாயம். வட்டையில் திகதி வைக்கும்போது நீங்கள் யாரைக் கேட்டீர்கள்?

லிகிதர் ஐயா சொன்னதற்கு நன்றி, நான் மாணவர்களுக்கு அந்தச் சட்டத்தைப் படிப்பிக்கிறேன், இதுவரை ஒரு விண்ணப்பம் கூடப் போட்டதில்லை.

---

கல்லோயாக் காற்று:

சந்திக்காரர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், மேய்ச்சல் தரை வேறு கதை. நெல்லில் மட்டும் நான் சொன்னதில்தான் நிற்கிறேன், லிகிதர் ஐயாவின் மூன்று திகதியும் வரட்டும். உகணை நண்பனையும் ஒரு விண்ணப்பம் போடச் சொல்கிறேன், அவன் சிங்களத்தில் எழுதுவான், யாருக்கு முதலில் பதில் வருகிறது என்றும் பார்க்கலாம்.

---

வட்டைக்காரன்:

டீச்சர், கொஞ்சம் சுட்டது. மறுமொழி யோசிக்க ஒரு நாள் எடுத்தது, இன்னும் சரியாக வரவில்லை.

விண்ணப்பம் நேற்று எழுதினேன், தமிழில், ஒரே தாள். கடைசியில் காணி உரிமையாளர் என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கப் போகும்போதுதான் பார்த்தேன், மூன்று ஏக்கரும் மகள் பேரில். அவளைக் கூப்பிட்டேன். வாசித்துப் பார்த்து இரண்டு பிழை திருத்தினாள், கையெழுத்து வைத்தாள், பிறகு இந்த முறை ஆரம்பக் கூட்டம் எப்போது, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன். மோட்டார் சைக்கிளில் ஒருவர்தான் போகலாம் என்றால் தானே போவதாகச் சொல்லியிருக்கிறாள்.