‘மோஷன் கன்ட்ரோலர்’ – தமிழ்ச்சொல் வைக்குமுன் ஒரு கேள்வி: கண் எந்தப் பக்கம்?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

கையையும் உடலையும் அசைத்து வீடியோ விளையாட்டு ஆட உதவும் வீ ரிமோட் (2006), பிளேஸ்டேஷன் மூவ் (2010), கினெக்ட் (2010) ஆகிய மூன்று கருவிகளையும் ஒப்பிட்டு எழுதப் புகுந்தால் ‘மோஷன் கன்ட்ரோலர்’ என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. என் பரிந்துரைகள்:

மோஷன் கன்ட்ரோலர் – இயக்கக் கட்டுப்படுத்தி
சென்சார் பார் (வீ ரிமோட்டுக்காகத் திரையருகே வைக்கும் பட்டை) – உணரிப் பட்டை
டிரிஃப்ட் (கருவி காட்டும் அளவு மெல்ல மெல்லப் பிசகுவது) – நழுவல்

முதல் சொல் நீளமாகப் படுகிறது. சுருக்க வழி உண்டா?

மடல் 2

> இயக்கக் கட்டுப்படுத்தி

நீளம் இருக்கட்டும், பொருளே தலைகீழாகிவிடுகிறது. விலைக் கட்டுப்பாடு என்றால் விலையைக் கட்டுப்படுத்துவது. வேகக் கட்டுப்பாடு என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதே வழக்கில் இயக்கக் கட்டுப்படுத்தி என்பது இயக்கத்தை அடக்கும் கருவி. தொழிற்கூடத்தில் சர்வோ மோட்டாரை இத்தனை பாகை திருப்பி இந்த இடத்தில் நிறுத்து என்று ஆணையிடும் பெட்டிக்கு அது கச்சிதமான பெயர். அதற்கே விட்டுவைப்போம். இங்கே ஆடுபவரின் அசைவுதான் விளையாட்டுக்குள் நுழைகிறது. ஆகவே பொதுப்பெயர் ‘அசைவு உள்ளீடு’. ‘இயக்கம்’ ஏற்கெனவே அமைப்பு, திரைப்படம், பொறி என்று பல வேலை பார்க்கிறது. கை வீசுவதற்கு ‘அசைவு’ போதும்.

> உணரிப் பட்டை

இதை வன்மையாக மறுக்கிறேன். அந்தப் பட்டையில் உணரியே கிடையாது. இரு முனைகளிலும் அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் உண்டு, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு கம்பி உண்டு, அவ்வளவே. பார்க்கும் கண் கையிலிருக்கும் கருவியின் நுனியில் உள்ளது. அது ஒரு சிறிய அகச்சிவப்புப் படக்கருவி. ஒரே நேரத்தில் நான்கு ஒளிப்புள்ளிகள் வரை பின்தொடரும். பட்டையைக் கழற்றிவிட்டு, 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் திரையில் சுட்டி நகரும். திரைக்குப் பக்கத்தில் வெயில் விழும் சன்னலோ ஹாலஜன் விளக்கோ இருந்தால் சுட்டி துள்ளுவதும் இதனால்தான்: கண்ணுக்கு மூன்றாவது, நான்காவது புள்ளி தெரிந்துவிடுகிறது. ‘உணரிப் பட்டை’ என்று படித்தவர் சுட்டி தடுமாறும்போது பட்டையைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைக்க வேண்டியது கையிலுள்ள கருவியின் கறுப்பு முனையை. ஆங்கிலப் பெயரின் பிழையைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டியதில்லை, ‘ஒளிப்பட்டை’ என்போம்.

கையில் பிடிப்பதற்கு ‘உணர்கோல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எழுதுகோல் போல வினைத்தொகை. வாயில் எளிதாக வரும்.

> நழுவல்

நல்ல சொல். ஆனால் எது நழுவுகிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006-இல் வந்த வீயின் கோலில், படக்கருவி தவிர, முடுக்கமானி (வேகம் மாறுவதை அளக்கும் உணரி) மட்டுமே இருந்தது. அசையாமல் பிடித்தால் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும்; அதிலிருந்து சாய்வு கிடைக்கும். செங்குத்து அச்சில் இடவலமாகத் திருப்பினால் ஈர்ப்பின் திசை மாறாது, எனவே ஒளிப்பட்டையைப் பார்க்காத நிலையில் அந்தத் திருப்பம் அதற்குத் தெரியாது. முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டு (நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே போய்) இடத்தைக் கணக்கிடலாமே என்றால், 0.01 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் நூறில் ஒரு பங்கு) அளவு நிலைப்பிழை 2 நொடியில் 20 செ.மீ. ஆகும், 10 நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் ஆகும். பிழை காலத்தின் இருமடிக்கு வளர்கிறது. இதை ‘இட நழுவல்’ எனலாம்.

2009-இல் வீ மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி கோலுக்குச் சுழல்மானியைக் கொண்டுவந்தது. அது சுழலும் வேகத்தை அளக்கும். ஒருமுறை தொகையிட்டால் கோணம். இங்கே பிழை நேர்கோட்டில் வளரும், அதனால் மெதுவாகத்தான் தெரியும். இது ‘கோண நழுவல்’. வெப்பநிலை மாறினால் சுழல்மானியின் சுழியப்புள்ளி மாறும். கோலை மேசையில் கவிழ்த்துச் சில நொடி அசையாமல் வைக்கச் சொல்வது அந்தச் சுழியத்தைப் புதிதாக எடுக்கத்தான்.

மடல் 3

உணர்கோலை ஏற்கிறேன். ஆனால் மூவுக்கு அது பாதிப் பொருத்தம்தான் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

வீயின் கோல் பார்க்கும் கோல். மூவ் பார்க்கப்படும் கோல். கண் திரையருகே இருக்கிறது: பிளேஸ்டேஷன் ஐ என்ற படக்கருவி, 640 × 480 புள்ளிகள், நொடிக்கு 60 படங்கள். கோலின் தலையிலுள்ள உருண்டை உள்ளிருந்து ஒளிர்கிறது. உருண்டை என்பதே இதன் சூட்சுமம். கோலை எப்படித் திருப்பினாலும் படத்தில் ஏறத்தாழ ஒரே வட்டம். வட்டத்தின் இடம் இடவலத்தையும் மேல்கீழையும் தரும், வட்டத்தின் அளவு தொலைவைத் தரும். அறையில் இல்லாத நிறமாகப் பார்த்து உருண்டை நிறம் மாற்றிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் கோல் மறைந்தால் கண் இழக்கும். முடுக்கமானியும் சுழல்மானியும் சற்று நேரம் ஈடுகட்டும், பிறகு மேலே சொன்ன இட நழுவல் தொடங்கிவிடும். கோண நழுவலைத் திருத்த உள்ளே காந்தமானியும் (திசைகாட்டி போன்ற உணரி) உண்டு. பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கி இருந்தால் அதன் காந்தம் திசையைக் கெடுக்கும். ஆகவே உருண்டைக்கும் தனிப்பெயர் வேண்டும்: ‘ஒளிக்குமிழ்’.

கினெக்டில் கையில் எதுவுமே இல்லை. கோல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘மெய்நோக்கி’ என்று வைக்கலாமா? தொலைநோக்கியை ஒட்டியது, மெய் என்றால் உடல்.

மடல் 4

> மெய்நோக்கி

அழகான சொல்தான். ஆனால் ‘மெய்நிகர்’ (வர்ச்சுவல்) நிலைபெற்றுவிட்டது, அங்கே மெய் என்பது உண்மை. இரண்டும் ஒரே பத்தியில் வரும் துறை இது. படிப்பவர் மெய்நோக்கியை மெய்நிகர்க் கண்ணாடி என்றே எடுத்துக்கொள்வார். ‘உடல்நோக்கி’ என்று மாற்றினாலும் ஒரு தடை இருக்கிறது: முதல் கினெக்ட் உடலை அறிவதில்லை. அகச்சிவப்புப் புள்ளிக்கோலம் ஒன்றை அறை முழுதும் வீசி, புள்ளிகள் எவ்வளவு விலகி விழுகின்றன என்று பார்த்து, ஒவ்வோர் இடத்தின் தொலைவையும் கணக்கிட்டு அனுப்புகிறது. அதிலிருந்து ஓர் ஆளின் 20 மூட்டுகளைக் கண்டெடுப்பது, கினெக்ட் இணைக்கப்படும் விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360-இன் மென்பொருள். கருவிக்கு, அது தருவதை வைத்து ‘ஆழப்படக்கருவி’ என்று பெயர் வைத்தால், 2013-இல் வந்த இரண்டாம் கினெக்டுக்கும் பொருந்தும். அது புள்ளிக்கோலத்தை விட்டுவிட்டு ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தது; வழி மாறியது, விளைபொருள் அதே ஆழப்படம். மூட்டுகளைக் கண்டெடுக்கும் வேலைக்கு ‘மூட்டுத்தடமறிதல்’ என்று தனியே வைப்போம்.

இந்தப் பிரிப்பால் கோளாறைச் சொல்வதும் எளிதாகிறது. வெயிலில் புள்ளிக்கோலம் கரைந்தால், கண்ணாடியும் கறுப்புத் துணியும் படத்தில் ஓட்டையாகத் தெரிந்தால், இரண்டு கினெக்டுகளின் கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அது ஆழப்படப் பிழை. சன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுவதும் கருவியை நகர்த்துவதும் மருந்து. ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க, மறைந்த கையை மென்பொருள் தப்பான இடத்தில் ஊகித்தால் அது மூட்டுத்தடப் பிழை. திரைச்சீலையை மூடி என்ன பயன்?

விரல் ஏன் தெரிவதில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் கினெக்டின் 57 பாகைப் பார்வையில், 3 மீட்டர் தொலைவில் படத்தின் அகலம் சுமார் 3.25 மீட்டர். அதை 640 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு 5 மி.மீ. விரலுக்கு மூன்று புள்ளி. இரைச்சலில் அதுவும் போய்விடும். உணர்கோலில் விசையை விரலால் அழுத்தினால் முடிந்தது.

மடல் 5

சொற்களை ஒரு செய்முறைக் குறிப்பில் போட்டுப் பார்த்தேன்:

“உணர்கோலைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள். கோண நழுவல் நின்றதும் கையில் எடுங்கள். சுட்டி துள்ளினால் ஒளிப்பட்டைக்கு அருகிலுள்ள விளக்கை அணையுங்கள். ஒளிக்குமிழைக் கையால் மறைக்காதீர்கள். ஆழப்படக்கருவிக்கு முன் சுமார் 2 மீட்டர் தள்ளி, அதை நேராகப் பார்த்து நில்லுங்கள்.”

தடையில்லாமல் ஓடுகிறது. ஒன்றைத் தவிர. ஜாய்-கானில் (நிண்டெண்டோ ஸ்விட்சின் கைக்கருவி) கட்டைவிரலால் தள்ளும் குச்சி தானாக ஒருபக்கம் இழுப்பதையும் ஆங்கிலத்தில் டிரிஃப்ட் என்கிறார்கள். அது தொகையீட்டுப் பிழை இல்லை. குச்சிக்கு அடியிலுள்ள கரிப்பட்டை தேய்வது. கவிழ்த்து வைத்தால் தீராது, பாகத்தை மாற்ற வேண்டும். அதை ‘நழுவல்’ கணக்கில் சேர்க்க வேண்டாம். ‘குச்சி இழுவை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் அனுப்புங்கள்.