கோவையிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிவந்து நான்கு மாதம்: துரு, தண்ணீர், மீன் பற்றிச் சில கேள்விகள்

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குத் தூத்துக்குடிக்குப் பணி மாறுதல் கிடைத்ததால், கடந்த மே மாதக் கடைசியில் கோவையிலிருந்து இங்கே குடிவந்தோம். வீட்டில் நாங்கள் இருவரும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும், எழுபது வயதைத் தாண்டிய என் மாமியாரும் இருக்கிறோம். பீச் ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், முதல் மாடியில் வாடகை வீடு. ஊரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சில ஆண்டுகளாவது இங்கேதான் இருக்கப்போகிறோம் என்பதால், இந்த ஊர்க்காரர்கள் அன்றாட வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்களுக்கு முதலில் கவலை தந்தது துரு. அடுப்பின் கம்பிகள், அரிவாள்மனை, கதவுத் தாழ்ப்பாள், மகளின் சைக்கிள் செயின் என்று இரும்பாக இருப்பதெல்லாம் பழுப்பேறுகிறது. தினமும் காலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். ஆனாலும் இரண்டே நாளில் மறுபடியும் பூத்துவிடுகிறது. கோவையில் ஆறு ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடிய ஏ.சி.யை இங்கே ஒரு கடைக்காரர் கடலைப் பார்த்த சுவரில் மாட்டிக் கொடுத்தார். போன வாரம் அதில் கேஸ் முழுவதும் இறங்கிவிட்டது. காயில் என்ற குழாய்ச்சுருள் அரித்துவிட்டது என்கிறார்கள்.

இரண்டாவது தண்ணீர். சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு எந்தத் தண்ணீரும் எளிதில் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். என்றாலும், இங்கே போர் தண்ணீரில் துவைத்த துணி காய்ந்ததும் கஞ்சி போட்டதுபோல விறைத்து நிற்கிறது. பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. குழாய்த் தண்ணீரை எதற்கு வைத்துக்கொள்வது, போர் தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒரு ஒழுங்கு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது மீன். பவானிசாகர் அணை மீனும் கட்லாவும்தான் நாங்கள் அறிந்தவை. கடலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம் என்று ஆசையோடு இருந்தோம். ஆனால் வந்த புதிதில் விலை கேட்கவே முடியவில்லை. இப்போதும் எப்போது, எங்கே போய் வாங்குவது என்று தெரியாமல் வீட்டருகே ஒரு கடையில் ஐஸில் வைத்த மீனைத்தான் வாங்குகிறேன்.

கடைசியாக ஒன்று. பள்ளியில் தோழிகள் தன்னை "ஏளா" என்று கூப்பிடுவதாகச் சொல்லி, முதல் வாரம் என் மகள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சின்னக் குழந்தையிடமும் "வாங்க, போங்க" என்று பேசிய வீட்டில் வளர்ந்தவள் அவள். மாமியாரோ பேச ஆளில்லாமல் நாள் முழுவதும் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார். இதை நினைத்தால்தான் மற்ற எல்லாவற்றையும்விட மனது கனக்கிறது.

உப்பளத்துக்காரர்

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவன் நான். உங்கள் துருப் பிரச்சினைக்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் உலர்ந்த துணியால் துடைப்பதுதான் தவறு. கடற்காற்று கொண்டுவருவது வெறும் ஈரத்தை அல்ல, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். குவித்து வைத்த அம்பாரம் மழை பெய்யாத இரவிலும் அடியில் கசிவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கழுவாத உப்பில் மெக்னீசியம் கலந்திருந்தால் இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். அதே வேலைதான் உங்கள் தாழ்ப்பாளின் மேலும் நடக்கிறது. படிந்த உப்பு இரவெல்லாம் இரும்பை நனைத்தபடியே வைத்திருக்கிறது. உலர்ந்த துணி அந்த உப்பை அகற்றாமல் பரவலாகத் தேய்த்துவிடுகிறது. ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைக் கரைத்து எடுங்கள், பிறகு உலர்த்துங்கள், அதன்பின் தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ ஒரு துளி தடவுங்கள். வாரம் இருமுறை போதும். போர் தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள். அது உப்பின் மேல் உப்பு.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கடலுக்கு முதுகு காட்டும் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அதன் தகடுகளைக் கழுவ வேண்டும். கொக்கி, திருகு, துணிக்கொடிக் கம்பி போன்றவற்றைப் புதிதாக வாங்கும்போது 316 தர எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமாகக் கிடைக்கும் 304 தரத்தில் மாலிப்டினம் கிடையாது. அதனால் கடற்கரையில் அதிலும் புள்ளி புள்ளியாகத் துரு விழும்.

தண்ணீருக்கு இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே முறைதான். குழாயில் வருவது வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். குடிக்க, சமைக்க, கடைசியாக ஒருமுறை துணி அலச அதை வைத்துக்கொள்ளுங்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போர் தண்ணீர் போதும். துணியைப் போர் தண்ணீரில் துவைத்தாலும், கடைசி அலசலை மட்டும் ஆற்றுத் தண்ணீரில் செய்தால் அந்த விறைப்பு இருக்காது. பருப்பு வேகாததற்கும் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான் காரணம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும்வரை முழுக்கத் தமிழ்நாட்டிலேயே ஓடும் ஆறு அது. சிறுவாணிக்கு இணையாக அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளும் நாள் வரும் என்று மனதார நம்புகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்ததிலிருந்து வீசுவது கச்சான், அதாவது மேற்கேயிருந்து வரும் காற்று. அது புழுதியைக் கொண்டுவரும், ஆனால் வறண்டது. உப்பு விளைவதற்கு ஏற்றது. ஐப்பசியில் காற்று திரும்பி, வாடையும் கொண்டலும் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கும்போதுதான் உண்மையான உப்பு ஈரம் வீட்டுக்குள் வரும். மேலே சொன்னதையெல்லாம் அதற்குமுன் செய்து முடித்துவிடுங்கள்.

வள்ளத்துவீடு

அக்கா, மீன் விஷயத்தை நான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிறார்கள்.

நீங்கள் வந்த மே மாதம் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விடப்படும் காலம் அது. அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டும்தான் என்பதால் விலை ஏறத்தான் செய்யும். ஆகவே உங்கள் முதல் அனுபவத்தை வைத்து எங்கள் ஊர் மீனை மதிப்பிட்டுவிடாதீர்கள்.

இங்கே விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு அன்றிரவே 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது முறை. பல நாள் கடலில் தங்கி, ஐஸில் அடுக்கிக்கொண்டு வருகிற வழக்கம் உள்ள ஊர்களுக்கும் எங்கள் ஊருக்கும் இதுதான் வித்தியாசம். இரவு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் அன்றைக்குக் காலையில் நீந்திக்கொண்டிருந்த மீன் ஏலத்தில் இருக்கும். மொத்த வியாபாரிகள் எடுத்த பிறகு, பக்கத்திலேயே பெண்கள் கூறுகட்டி விற்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். காலையில் என்றால் திரேஸ்புரம் போங்கள், நாட்டுப்படகு மீன் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மக்கள் பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குப் போவார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில் மட்டும் மீன் வாங்க அவசரப்பட வேண்டாம்.

பெயரிலும் கவனம் வேண்டும். நீங்கள் வஞ்சிரம் என்பதை நாங்கள் சீலா என்போம். சென்னையில் ஷீலா என்று விற்பது வேறு மீன். அதை இங்கே ஊளி என்பார்கள். பெயரை மட்டும் வைத்து விலை பேசினால் ஏமாற்றம்தான் வரும். முதலில் விளமீனில் தொடங்குங்கள். முள் குறைவு, குழம்புக்கும் பொரிப்பதற்கும் பொருந்தும். சாளை மலிவு, ருசி அதிகம், ஆனால் குழந்தைக்கு முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. கண் உள்ளே வாங்கியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரே அக்காவிடம் நான்கு முறை வாங்கிவிட்டால், ஐந்தாம் முறை உங்களுக்கென்று அவர் எடுத்து வைத்திருப்பார்.

ஈரோட்டு மஞ்சள்

சகோதரி, எட்டு ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டிலிருந்து இதே ஊருக்கு வந்தவள் நான். உங்கள் கேள்வியில் கடைசியாக இருந்ததைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"ஏல", "ஏளா" என்பதெல்லாம் திருநெல்வேலிச் சீமையில் உறவு கொண்டாடும் சொற்கள். வயதில் பெரியவர்களிடம் அப்படிப் பேசமாட்டார்கள். சம வயதினர் தங்களுக்குள் பேசுவார்கள். உங்கள் மகளை ஒரு மாதத்துக்குப் பிறகும் பெயர் சொல்லியே கூப்பிட்டிருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். முதல் வாரத்திலேயே "ஏளா" என்று அழைத்தார்கள் என்றால் அவளைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள். நம் பக்கம் "ங்க" சேர்த்தால்தான் அன்பு. இங்கே அதையே சேர்த்துப் பேசினால், ஏன் தள்ளி நின்று பேசுகிறாய் என்பார்கள். கடைக்காரரையும் ஆட்டோக்காரரையும் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி. என் தாயாரும் இப்படித்தான் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மாலை ஐந்தரை மணிக்கு மேல் ரோச் பூங்காவுக்கு அழைத்துப்போங்கள். அந்த நேரத்தில் வயதான பெண்கள் பலர் அங்கே வந்து உட்கார்வார்கள். மாமல்லபுரத்தையோ சென்னையையோ மனதில் வைத்து, கடல் என்றால் பேரலை இருக்கும் என்று என் தாயார் பயந்திருந்தார். இங்கே கடல் ஏரிபோல அடங்கிக் கிடக்கிறது. ஒரு பக்கம் இலங்கை மறைத்து நிற்கிறது, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை உடைத்துவிடுகின்றன. அதைக் கண்ட பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது. இங்கே பழக்கமான அம்மா ஒருவர், முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மக்ரூனை ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். மறுவாரம் என் தாயார் எள்ளுருண்டை பிடித்து எடுத்துப்போனார். அதன்பிறகு மாலை நேரத்தில் அவரை வீட்டில் பார்க்க முடிவதில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேறும்போது அவசியம் போங்கள்; ஆகஸ்ட் 5 திருவிழா வரைக்கும் எல்லா மதத்தவரும் வருவார்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மாடி என்பதால் உங்களுக்கு அச்சமில்லை, ஆனால் வண்டியைக் கீழேதானே நிறுத்துவீர்கள்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, குழாய்த் தண்ணீரும் பல நாள் வரவில்லை. உங்கள் தெருவில் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சுவரில் கோடு காட்டிச் சொல்வார்கள். ஐப்பசி பிறக்கும் முன் மாடித் தொட்டியைக் கழுவி நிரப்பி வையுங்கள். மெழுகுவத்தியும் ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பும் உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

நொய்யல்கரை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களை அச்சிட்டுச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன்.

பத்து நாட்கள் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். தாழ்ப்பாளை ஈரத்துணியால் துடைத்தபோது துணியின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பளத்துக்காரர் ஐயா சொன்னதுபோல நல்ல உப்புக் கரித்தது. எண்ணெய் தடவிய பிறகு இதுவரை துரு பூக்கவில்லை. ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மேற்குச் சுவருக்கு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறோம். பருப்பு இப்போது இரண்டு விசிலில் வேகிறது.

வியாழக்கிழமை இரவு மீன்பிடித் துறைமுகத்துக்கு நானும் கணவரும் போனோம். விளமீன் ஒன்றரைக் கிலோ வாங்கினோம். கூறுகட்டி விற்ற அக்கா என் பேச்சைக் கேட்டதுமே, "கோயம்புத்தூரா?" என்று கேட்டுவிட்டு, தலையைத் தனியாக வெட்டிக் கொடுத்து, அதைப் புளி குறைத்துத் தேங்காய் அரைத்து வைக்கச் சொன்னார். மகள் பள்ளித் தோழி ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மொட்டை மாடியிலிருந்து அவளை "ஏளா, மேல வாளா" என்று என் மகள் கூப்பிட்டதை நான் கேட்டேன்.

மாமியாரை இரண்டு முறை ரோச் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். முதல் நாள் யாரிடமும் பேசவில்லை. இரண்டாம் நாள், பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா எந்த ஊர் என்று கேட்டதும், நொய்யலில் தண்ணீர் ஓடிய காலத்திலிருந்து தொடங்கிவிட்டார். ஏழு மணிவரை நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நாளைக்கு எள்ளுருண்டை பிடிக்க வேண்டும், கருப்பட்டி எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று கேட்கச் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளத்துவீடு

கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருவதுதான், அக்கா. உடைத்தால் உள்ளே கருத்து, பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். பளிச்சென்று மின்னினால் சர்க்கரை கலந்தது. திருச்செந்தூர் போகும்போது அங்கேயே வாங்கிவிடுங்கள், மழைக்காலம் முழுவதற்கும் சேர்த்து. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இங்கே அதுவும் இளகிவிடும்.