சாவி பத்து நாள் தாமதம், வாடகை எந்தத் தேதியிலிருந்து?

காலிப்பெட்டி:
கொஞ்சம் குழப்பமான விஷயம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அக்ரிமென்ட்டில் வாடகை 1-ம் தேதியிலிருந்து என்று போட்டிருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று, அட்வான்சும் கொடுத்தாயிற்று. ஆனால் ஏற்கெனவே இருந்தவர்கள் 9-ம் தேதிதான் காலி செய்தார்கள். எனக்குச் சாவி வந்தது 11-ம் தேதி. சரி, போகலாம் என்று பார்த்தால் வீட்டில் இருக்கும் ஒரே குளியலறையில் தரையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள், டைல்ஸ் மாற்றும் வேலை. அது 17-ம் தேதி முடிந்து 18-ம் தேதிதான் குடியேறினோம். அதுவரை பழைய வீட்டிலேயே நாள் கணக்கில் வாடகை கொடுத்து இருந்தோம்.

இப்போது ஓனர் முழு மாத வாடகையும் கேட்கிறார். "அக்ரிமென்ட்டில் 1-ம் தேதி என்றுதானே இருக்கிறது" என்கிறார். சண்டை போடும் ஆளும் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், அதனாலேயே எனக்குப் பதில் பேச வரவில்லை. நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? 1? 11? 18?

கதவோரம்:
1-ம் தேதிக்கு வாய்ப்பே இல்லை. வேறொருவர் உள்ளே சமைத்துக்கொண்டிருந்த நாட்களுக்கு நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? அந்த ஒன்பது நாளுக்கு அவர்களிடமும் வாங்கியிருப்பார், அதையும் கேட்டுப் பாருங்கள்.

பத்திரக்காரன்:
கேள்வி எளிது, பதில் ஊருக்கு ஊர் மாறும். அக்ரிமென்ட்டில் "வீடு ஒப்படைக்கத் தாமதமானால்" என்று ஏதாவது வரி இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது. அப்படி இல்லாதபோது என்ன என்பதில்தான் பழைய தகராறு. இங்கிலாந்தில் 1829-லேயே கோ எதிர் கிளே என்ற வழக்கில், வாடகைக்கு விடுபவர் குறித்த நாளில் வீட்டை உண்மையாகவே குடியேறும்படி கொடுக்க வேண்டும், காகிதத்தில் உரிமை கொடுத்தால் போதாது என்று முடிவானது. நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் நேர் எதிராகச் சொன்னது. ஹன்னன் எதிர் டஷ், 1930. 15 வருடக் குத்தகை, 1928 ஜனவரி 1-ல் தொடங்க வேண்டியது, பழைய ஆள் நகரவே இல்லை. உரிமையைக் கொடுத்ததோடு உரிமையாளர் வேலை முடிந்தது, உள்ளே இருப்பவரை வெளியேற்றுவது புதிதாக வருபவர் பாடு என்று தீர்ப்பு. படிக்கவே கடுப்பாக இருக்கும்.

அங்கேயும் பிறகு 1972-ல் மாநிலங்களுக்காக ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள், அதில் வீட்டை ஒப்படைக்கும்வரை வாடகை ஓடாது, குடியேற வேண்டியவர் குறைந்தது ஐந்து நாள் முன்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தையே விட்டுவிடலாம் என்று இருக்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 535-ம் பிரிவு, குடியிருக்கத் தகுந்த நிலையில் ஒப்படைப்பது உரிமையாளர் கடமை என்கிறது. அடுத்த பிரிவு, குறை இருக்கும் நாட்களுக்கு வாடகை குறையும் என்கிறது. இந்தியாவின் 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்திலும் 108-ம் பிரிவில் ஒப்படைக்கும் கடமை இருக்கிறது, ஆனால் "கேட்டுக்கொண்டால்" என்று ஒரு சொல் சேர்ந்து வரும். அந்தச் சொல்லுக்காகவாவது, எந்த ஊராக இருந்தாலும் சாவி கேட்டதை எழுத்தில் வையுங்கள்.

ஆக 1 முதல் 10 வரை உங்கள் பக்கம் வலு இருக்கிறது. 11 முதல் 17 வரைதான் இழுபறி. அந்த நாட்களில் நீங்கள் வீட்டைப் பயன்படுத்தினீர்களா?

காலிப்பெட்டி:
மறைக்காமல் சொல்கிறேன். 12-ம் தேதி சாயங்காலம் நாலு அட்டைப்பெட்டியும் ஒரு புத்தக அலமாரியும் கொண்டுபோய் உள்ளறையில் வைத்தேன். மேலே ஒரு போர்வை போட்டு மூடி வைத்திருந்தும் டைல்ஸ் அறுத்த வெள்ளைத் தூசு புத்தகங்களுக்குள் எல்லாம் போய்விட்டது, இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன். அது குடியேறினதாக ஆகுமா?

மாடிவீட்டு ஓனர்:
நானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன், அதனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு "அடுத்த வாரம் வருகிறோம், வண்டி கிடைக்கவில்லை, பையனுக்குப் பரீட்சை" என்று இழுத்துவிட்டு, வந்த நாளிலிருந்துதான் வாடகை என்பார்கள். அது செல்லாது. சாவி கையில் வந்தாயிற்று, வீட்டை வேறு யாருக்கும் விட முடியாது, நீங்கள் வந்து படுத்தீர்களா இல்லையா என்பது உங்கள் வசதி. ஆனால் இங்கே நடந்தது அது இல்லை. ஒரே குளியலறையை உடைத்துப் போட்டுவிட்டு எப்படி வாடகை கேட்பது? நானாக இருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். பெட்டி வைத்ததற்காக முழு வாடகை கேட்பதும் நியாயமில்லை, ஒன்றுமே தர மாட்டேன் என்று நீங்கள் சொல்வதும் சரியில்லை, பொருள் வைக்க இடம் கிடைத்ததல்லவா.

கதவோரம்:
ஒரே ஒரு குளியலறைதானே, அப்புறம் என்ன, அந்த வாரம் முழுசும் கழிக்க வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 31 நாள் என்று வைத்தால், 11-ம் தேதியிலிருந்து என்றால் 21 நாள், 18-ம் தேதியிலிருந்து என்றால் 14 நாள் (தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும், இங்கேதான் பலர் ஒரு நாளை விட்டுவிடுவார்கள்). உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே உண்மையில் இருக்கும் சண்டை ஏழு நாள் வாடகைதான். 31-ஆல் வகுப்பதா 30-ஆலா என்பதையும் சொல்லிவிடுங்கள், சிலர் வருட வாடகையை 365-ஆல் வகுப்பார்கள்.

முக்கியமாக, மொத்தத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள். தகராறே இல்லாத 14 நாள் வாடகையை இன்றே போட்டுவிட்டு, கூடவே இப்படி எழுதுங்கள்: "சாவி 11-ம் தேதி கிடைத்தது. குளியலறை வேலை 17-ம் தேதி முடிந்தது. 18 முதல் 31 வரையான வாடகை அனுப்பியிருக்கிறேன். நடுவில் உள்ள ஏழு நாளைப் பற்றிப் பேசிக்கொள்வோம்." போனில் பேசினால் பேசினதோடு போய்விடும், மெசேஜாக அனுப்புங்கள். பழைய வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்ததை இதில் கலக்க வேண்டாம். அது நஷ்டஈடு கேட்கும் விஷயம், தனியாகப் பேசுங்கள், நீங்களே வாடகையில் கழித்துக்கொண்டால் "வாடகை பாக்கி" என்று உங்கள் மேல் திரும்பும். சாவி வாங்கிய அன்று மின்மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்தீர்களா? டைல்ஸ் மெஷின் ஓடின கரண்ட்டும் உங்கள் பில்லில்தான் வரும்.

காலிப்பெட்டி:
ரீடிங் எடுக்கவில்லை, தோன்றவே இல்லை. குளியலறைப் படம் இருக்கிறது, 13-ம் தேதி போட்டது, தேதியும் தெரிகிறது. மெசேஜ் அனுப்பினேன். ஓனர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்: இந்த மாதம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள், அக்ரிமென்ட் முடியும்போது பத்து நாள் சும்மா இருந்துகொள்ளுங்கள் என்கிறார். பரவாயில்லை போலத் தோன்றுகிறதே?

பத்திரக்காரன்:
வேண்டாம். உங்கள் பணம் அதுவரை அவர் கையில் இருக்கும், நடுவில் நீங்கள் காலி செய்தால் அந்தப் பத்து நாள் காற்றோடு போகும், அதற்குள் வீட்டை அவர் விற்றுவிட்டால் வாங்கினவருக்கு இந்தப் பேச்சே தெரியாது. அதுபோக உங்கள் கணக்கில் குறைய வேண்டியது பத்து நாள் மட்டும் இல்லை.

மாடிவீட்டு ஓனர்:
ஏழு நாளில் பாதியைப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், நாளைக்கு அதே ஆளிடம்தான் தண்ணீர் வரவில்லை என்று போய் நிற்க வேண்டும். இன்னொன்று, முன்பு இருந்தவர்கள் எல்லாச் சாவியையும் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டீர்களா?

காலிப்பெட்டி:
முடிந்துவிட்டது. 15-ம் தேதியிலிருந்து வாடகை என்று ஒத்துக்கொண்டார், 31-ஆல் வகுத்து 17 நாள், மீதி மூன்று நாளையும் இன்று போட்டுவிட்டேன். தொடக்கத் தேதியை அக்ரிமென்ட் இரண்டு பிரதியிலும் பேனாவால் திருத்தி இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். முடியும் தேதியும் பதினாலு நாள் தள்ளிப் போகிறது, அதையும் எழுதச் சொன்னேன். சாவியைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் கொஞ்சம் விழித்தார், ஒன்று இன்னும் பழைய ஆட்களிடம் இருக்கிறதாம். நாளைக்குப் பூட்டை மாற்றுகிறோம், செலவு அவருடையது.