7805-க்கும் 78எல்05-க்கும் கால் வரிசை ஒன்றுதானா?

கேள்வி:
வோல்டேஜ் ரெகுலேட்டர்கள் (வோல்டேஜை நிலையாக வைக்கும் சிப்கள்), டிரான்சிஸ்டர்கள் ஆகியவற்றுக்கு, மேசைக்கு மேலே ஒட்டி வைக்க ஒரு கால் வரிசை அட்டை தயாரிக்கிறேன். எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாக எழுதுகிறேன். 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805-க்கு இன்புட், கிரவுண்ட், அவுட்புட். சிறிய 78எல்05-க்கும் இதையே எழுதலாமா? பிசி547 டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் 2என்3904 போட்டால் கால் பொருந்துமா?

பதில் 1:
எழுதாதீர்கள். டிஓ-92 என்ற சிறிய பிளாஸ்டிக் உறையில் வரும் 78எல்05 அப்படியே தலைகீழ்: அவுட்புட், கிரவுண்ட், இன்புட். மற்ற ரெகுலேட்டர்கள் (7905, 337 இரண்டும் மைனஸ் வோல்டேஜுக்கானவை):

7905: கிரவுண்ட், இன்புட், அவுட்புட்
எல்எம்317: அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட்
எல்எம்337: அட்ஜஸ்ட், இன்புட், அவுட்புட்
ஏஎம்எஸ்1117: கிரவுண்ட் (அல்லது அட்ஜஸ்ட்), அவுட்புட், இன்புட்

அட்டையில் இன்னொரு பத்தியும் வேண்டும்: பின்னால் இருக்கும் உலோகத் தகடு எந்தக் காலோடு சேர்ந்தது என்பது. 7805-ல் கிரவுண்ட், 7905-லும் 337-லும் இன்புட், 317-லும் 1117-லும் அவுட்புட். இதைப் பார்க்காமல் 7805, 7905 இரண்டையும் ஒரே ஹீட் சிங்க்கில் நேரடியாகத் திருகினால் மைனஸ் சப்ளை கிரவுண்டோடு ஷார்ட் ஆகும். 7905-க்கு மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் மட்டும் போதாது, திருகு தகட்டைத் தொடாமல் இருக்க அதற்கும் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) போட வேண்டும். பவர் கொடுக்கும் முன் தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள். வரக்கூடாது.

பதில் 2:
டிரான்சிஸ்டர் கேள்விக்கு: பிசி547 கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர். தட்டையான முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டால் பொருந்திவிடும். 3904 தாங்குவது 40 வோல்ட், 547 தாங்குவது 45. சாதாரண வேலைகளுக்கு இது பொருட்டல்ல.

திருப்பாமல் போட்டால் உடனே தெரியாது என்பதுதான் தொல்லை. எமிட்டரும் கலெக்டரும் மாறினாலும் கொஞ்சம் கெயின் (பெருக்கும் திறன்) இருக்கும். எல்இடி மங்கலாக எரியும், சர்க்யூட் ஓடுகிறது என்றே தோன்றும். ஆனால் பேஸ்-எமிட்டர் சந்தி எதிர்த்திசையில் 6 வோல்ட்தான் தாங்கும். 12 வோல்ட் ரிலே சர்க்யூட்டில் அது உடைந்து, ரிலே விடாமல் பிடித்துக்கொள்ளலாம், டிரான்சிஸ்டரின் கெயினும் குறைந்துபோகும்.

2222 டிரான்சிஸ்டரை அட்டையில் ஒரே வரியில் எழுதாதீர்கள். பிஎன்2222ஏ 3904 மாதிரி, பி2என்2222ஏ 547 மாதிரி. சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரின் டயோடு மோடு: என்பிஎன் வகையில் (இங்கே சொன்னவை எல்லாம் அதுதான்) சிவப்பு முனை பேஸில் இருந்தால் மற்ற இரண்டு கால்களிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். அதில் சில மில்லிவோல்ட் கூடுதலாக இருப்பது எமிட்டர்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 7805 சூடாகிறது என்று அந்த இடத்தில் 5 வோல்ட் 1117 வைக்கலாமா? இன்புட் 12 வோல்ட், லோடு அரை ஆம்பியர்.

பதில் 1:
சூடு குறையாது. இரண்டுமே லீனியர்தான், அதாவது கூடுதல் வோல்டேஜைச் சூடாகவே கழிப்பவை: (12−5)×0.5 = 3.5 வாட் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஹீட் சிங்க் இல்லாத 7805 இதில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், சின்ன 1117-ன் நிலை இன்னும் மோசம். கால் வரிசையும் வேறு. 1117 அவுட்புட்டில் 22 மைக்ரோஃபாரட் டான்டலம் கபாசிட்டர் எதிர்பார்க்கும். 7805-க்குப் போடும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மட்டும் இருந்தால் ஆசிலேட் ஆகலாம் (அவுட்புட் நிலையாக இல்லாமல் அலைபாயும்). 12-லிருந்து 5 இறக்க பக் மாட்யூல் (அதிகம் சூடாகாமல் வோல்டேஜை இறக்கும் ஸ்விட்சிங் போர்டு) வையுங்கள். அல்லது இன்புட்டை 8 வோல்ட்டுக்குக் குறையுங்கள், 1.5 வாட்டுக்கு 7805-ம் சின்ன ஹீட் சிங்க்கும் போதும். 7-க்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம், ரெகுலேஷன் விட்டுப்போகும்.